களிமண் தட்டும் திரவப் பளிங்கும்

மழை விட்ட பிறகும் தலவாக்கலையில் கொத்மலை ஓயா கலங்கியே ஓடும். மணல் சீக்கிரம் அடியில் தங்கிவிடும். நீரைச் சிவக்க வைப்பது களிமண். அதன் துகள், மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடச் சிறியது; பெரும்பாலும் தட்டையானது. ஈரமலைநாட்டுப் பாறை காலங்காலமாக மழையில் சிதைந்து உருவான கயோலினைட், கிப்சைட் இரண்டுமே தட்டுத் தட்டாக வளரும் கனிமங்கள்.

இந்தத் தட்டை வடிவத்தில்தான் விந்தை இருக்கிறது. 1938இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியர், களிமண் கலந்த நீர் இரண்டு அடுக்காகப் பிரிவதைக் கண்டார். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே பார்த்தால் மேலடுக்கு இருண்டிருந்தது, கீழடுக்கு ஒளிர்ந்தது. கீழே உள்ள துகள்கள் ஒரே திசை பார்த்து ஒழுங்குபட்டதே காரணம். நீராக ஓடும், பளிங்குபோல் ஒழுங்கும் காட்டும். இதுதான் திரவப் பளிங்கு.

யார் அடுக்கி வைத்தது? யாருமில்லை. பாத்திரம் நிறையத் தட்டுகளைத் தாறுமாறாகப் போட்டால் ஒன்றும் அசைய இடமிருக்காது. ஒரே பக்கம் பார்த்து நின்றால் எல்லாம் நகர இடம் கிடைக்கும். நெருக்கம் கூடும்போது ஒழுங்கு தானாக வருவதை 1949இல் லார்ஸ் ஒன்சாகர் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆனால் வெறும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் ஒழுங்குபடும் முன்பே கூழாக இறுகிவிடும். 1998இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வான் டர் கூய், லெக்கர்கெர்கர் இருவரும் இதற்கு வழி கண்டார்கள். சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள கிப்சைட் தட்டுகளின் மேல் பல்பகுதியச் சங்கிலிகளை மயிர்போல் நிற்கும்படி ஒட்டி, தொலுயீன் என்ற கரைப்பானில் மிதக்கவிட்டார்கள். இரு தட்டுகள் நெருங்கினால் இடையில் அகப்பட்ட சங்கிலிகள் நசுங்க மறுத்து அவற்றை விலக்கும். இறுகல் நின்றது, செறிவைக் கூட்டியதும் திரவப் பளிங்கு தெளிவாகப் பிரிந்தது.

தேயிலை மலையிலும் களிமண்ணுக்குப் பூச்சு உண்டு. வேரும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் கசியவிடும் பிசின்கள் இயற்கையான பல்பகுதியங்களே. இங்கே வேலை நேரெதிர்: நீண்ட சங்கிலி ஒன்றே பல துகள்களைப் பிடித்துக் கட்டும். அப்படிக் கட்டுண்ட மண் பொலபொலவென்று இருக்கும். மழைநீர் உள்ளே இறங்கும், துகள் எளிதில் கரையாது. இலைதழை மக்காத வெறுமண்ணில் பிசின் குறையும். அடுத்த மழைக்கே மண் கான் வழியே ஓயாவுக்குப் போய்விடும்.

ஆகவே கவ்வாத்து வெட்டிய இலையையும் சிறு கிளையையும் அதே மலையில் பரப்பி மக்க விடுங்கள். மண்ணைக் கட்டிப்போடும் பிசின் அதிலிருந்தே உண்டாகிறது.