சட்டைக் கையும் வளைவுக் கணக்கும்

உங்கள் சட்டையின் கை, உடலோடு சேரும் இடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே இரண்டு வளைவுகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, உடல் துண்டில் குழிவாக வெட்டிய வளைவு. தையற்கடையில் இதனை ‘ஆர்ம்ஹோல்’ என்பார்கள். மற்றது, கைத் துண்டின் மேற்பகுதியில் குன்றுபோல் எழும் வளைவு. இரண்டின் வடிவமும் வேறு; ஆயினும் நீளம் பொருந்தியாக வேண்டும். கைத் துண்டின் வளைவு மிகுந்தால் தையல் சுருக்கம் விழும். குறைந்தால் துணி இழுத்துப் பிடிக்கும். ஆடைத் தொழிற்சாலைகளில் பல அடுக்குத் துணிகளை ஒரே வெட்டில் வெட்டுகிறார்கள். எனவே வரைபடத்தில் நேரும் சிறு பிழை, அத்தனை சட்டைகளையும் கெடுத்துவிடும்.

வளைவை அளப்பது எப்படி?

தையற்காரர் இஞ்சு டேப்பை விளிம்போடு ஒட்டி வளைத்து அளப்பார். கணிப்பொறி என்ன செய்யும்? அது வரையும் வளைவுகளில் பல ‘பெஸியே வளைவு’ என்னும் வகையைச் சேர்ந்தவை. சில புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றுக்கேற்ப வளைவு அமையும். பிரான்சு நாட்டில் கார்களின் மேற்கூட்டை வடிவமைக்கப் பிறந்த முறை இது. சித்ரோவன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தல்ஜோ 1959இலும், ரெனோ நிறுவனத்தின் பியேர் பெஸியே 1960களிலும் இதனை உருவாக்கினர்.

இவ்வளைவின் நீளத்தைக் கூற, பொதுவாக எளிய சூத்திரம் கிடையாது. ஆகவே கணிப்பொறி வளைவைச் சிறு நேர்கோடுகளாகப் பிரித்துக் கூட்டுகிறது. விடை தெரிந்த ஒரு வளைவில் இதைச் சோதிப்போம். 10 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டத்தின் உண்மை நீளம் 15.71 செ.மீ. ஒரே நேர்கோடாகக் கொண்டால் 14.14 கிடைக்கும், இரண்டாகப் பிரித்தால் 15.31, நான்காக்கினால் 15.61, எட்டாக்கினால் 15.68. கோடுகளை இரட்டிக்கும்போதெல்லாம் பிழை ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்குவதைக் கவனியுங்கள்.

எந்தக் கோட்டை அளப்பது?

துணியை வெட்டும் கோடு வேறு, தைக்கும் கோடு வேறு. தையலுக்காக 1 செ.மீ. துணி விடுகிறோம் அல்லவா? குழிந்த வளைவில் வெட்டுக்கோடு தையற்கோட்டைவிடக் குறுகும். புடைத்த வளைவில் நீளும். வளைவு 90 பாகை திரும்பினால், ஆரம் எதுவாயினும் இவ்வேறுபாடு 1.57 செ.மீ. ஆகும். ஆகவே தையற்கோடுகள் மிகச் சரியாகப் பொருந்தும் துண்டுகளின் விளிம்புகள்கூடப் பொருந்தாதவைபோல் தோன்றும். வெட்டிய விளிம்பை அளந்து ‘திருத்த’ முற்பட்டால், சரியாக இருந்ததும் தவறாகிவிடும். அளக்க வேண்டியது தையற்கோட்டையே.

நீளத்தைப் பொருத்துதல்

தோளின் உருட்சிக்கு இடம்தர, கை வளைவைச் சற்றே நீளமாக வைப்பதுண்டு. ஆர்ம்ஹோல் 44 செ.மீ., தேவையான கை வளைவு 46 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கையின் அகலத்தை மாற்றாமல் குன்றின் உயரத்தை 12 செ.மீ. ஆக்கினால் நீளம் போதவில்லை; 16 ஆக்கினால் மிகுகிறது. எனவே நடுவிலுள்ள 14ஐக் கணிப்பொறி சோதிக்கிறது. அதுவும் போதாதெனில் 15. அது மிகுந்தால் 14.5. இவ்வாறு பத்து முறை பாதியாக்கினால், 4 செ.மீ. இடைவெளி 0.004 செ.மீ. ஆகக் குறுகிவிடும். துணிக்கு இத்துணை நுட்பம் தேவைக்கும் அதிகம்!

மொத்த நீளம் ஒத்தால் மட்டும் போதாது. முன்பாகம், பின்பாகம் இரண்டும் தனித்தனியே ஒத்திருக்க வேண்டும். அதற்காகவே விளிம்பில் சிறு வெட்டுக்குறிகள் இடுகிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே மையத்திலிருந்து 9 செ.மீ., 10 செ.மீ. ஆரங்களில் இரு கால்வட்டங்கள் வரையுங்கள். அவற்றின்மேல் நூலை வைத்து அளந்து கழியுங்கள். பிறகு 19, 20 செ.மீ. ஆரங்களில் வரைந்து பாருங்கள். இரண்டு முறையும் வேறுபாடு ஒன்றாகவே வரும். ஏனென்று உங்களால் கூற முடிகிறதா?