கோழிக்கழிவில் ஒளிந்திருக்கும் கொலாஜன்

கோழிக்கால்களை நெடுநேரம் அவித்து வடித்த சாறு, குளிர்ந்ததும் பாகுபோல் உறைந்து நிற்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதனை உறையவைத்தது கொழுப்பன்று. தோல், தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றைப் பிணித்து நிற்கும் கொலாஜன் என்னும் புரதம், வெந்து ஜெலற்றினாக மாறியதன் விளைவே அது.

இப்புரதத்தின் உருவை விளக்கியதிற் பெரும்பங்கு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜி. என். இராமச்சந்திரனுக்கும் கோபிநாத் கர்த்தாவுக்கும் உரியது. மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்பதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசீன் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்திருப்பதாலேயே, இழைகள் அத்துணை நெருங்கிப் பின்னிக்கொள்ள இயலுகின்றது. வெப்பம் ஏறினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். ஆகவே ஜெலற்றின் வேண்டுவோர் அவிக்கலாம். முறுக்குக் குலையாத கொலாஜன் வேண்டுவோர் குளிரிலேயே வேலை செய்தல் வேண்டும்.

கால்களின் நகத்தையும் மேற்றோலையும் நீக்கி, கொழுப்பையும் பிற புரதங்களையும் அகற்றி, நீர்த்த அசெற்றிக் அமிலத்தில் ஊறவைப்பர். பெப்சின் என்னும் நொதியத்தைச் சேர்த்தால் கரைந்து வரும் அளவு கூடும். பின்னர் உப்பைச் சேர்க்க, கொலாஜன் வெண்ணிறமாகத் திரண்டு பிரியும். நெஞ்செலும்பின் குருத்தெலும்பிலிருந்து கிடைப்பதோ வேறு வகைக் கொலாஜனாகும். இறகிலிருந்தும் இதனைப் பெறலாமென எண்ணுவோர் உளர், அது தவறு. இறகு கெரற்றினால் ஆனது.

மாட்டுத்தோலும் பன்றித்தோலும் இருக்கக் கோழியை நாடுவானேன்? பிரித்தானியாவில் 1986 இல் இனங்காணப்பட்ட மாட்டு மூளைநோய் மனிதரையும் தாக்கக்கூடும் என்று 1996 இல் அறிவிக்கப்பட்டதும், மாட்டிலிருந்து பெறும் பொருள்களின்மீது ஐயம் எழுந்தது. மாட்டை விலக்கும் இந்துக்களும் பன்றியை விலக்கும் முஸ்லிம்களும் வாழும் நம் நாட்டில், மருந்துக் குளிகையின் உறைகூட ஒருவரது மனத்தை உறுத்தலாம். முறைப்படி அறுத்த கோழியில் அவ்வுறுத்தல் குறைவு.

கொலாஜன் மாவை உண்டால் அது அப்படியே முகத்தோலிற் போய்ச் சேரும் எனக் கருதிவிடாதீர்கள். குடலில் அது சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் செரிக்கப்படுகின்றது. திரிப்ரோபன் இன்மையால், உணவுப் புரதமாகவும் அது முழுமையானதன்று.

கறிக்கடையின் பின்புறத்தில் வெயிலிற் கிடந்த கால்கள் இத்தொழிலுக்கு உதவா. அறுத்தவுடன் அவற்றைக் கழுவிக் குளிரில் வைத்தல் வேண்டும். சிறு கடைக்காரருக்கு அச்செலவு பெரிது. வாய்க்காலில் வீசுவதற்கோ செலவேயில்லை.