பாப்பரசர் அரசராயிருந்த நாடு

திருத்தந்தையை நம் முன்னோர் ‘பாப்பரசர்’ என்றே அழைத்து வந்தனர். அச்சொல்லிலுள்ள ‘அரசர்’ என்பது வெறும் மரியாதைக்குரிய ஒட்டுச் சொல்லன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தந்தையர் மெய்யாகவே ஒரு நாட்டை ஆண்டனர். படையும் நாணயமும், வரியும் சிறைச்சாலையும் அந்நாட்டிற்கு இருந்தன. அது எவ்வாறு தோன்றிற்று, ஏன் மறைந்தது என்பதை நாம் அறிந்திருப்பது நலம்.

உரோமைப் பேரரசர்கள் கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து ஆண்ட காலத்தில், உரோமை நகர் காப்பாரின்றித் தவித்தது. பஞ்சத்திலும் முற்றுகையிலும் மக்கள் நாடிச் சென்றது தங்கள் ஆயரையே. பெரிய கிரகோரியார் (590–604) திருச்சபையின் சிசிலி நிலங்களில் விளைந்த தானியத்தால் நகர மக்களின் பசி தீர்த்தார். ஆட்சிப் பொறுப்பு இவ்வாறு இரக்கச் செயலாகவே தொடங்கிற்று.

751-இல் லொம்பார்தியர் இரவென்னா நகரைக் கைப்பற்றி உரோமையை நெருங்கினர். பேரரசரிடமிருந்து படை வரவில்லை. திருத்தந்தை 2-ம் முடியப்பர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, பிராங்கு மன்னர் பெப்பினிடம் உதவி கோரினார்; 754-இல் அவரை அரசராகத் திருநிலைப்படுத்தினார். பெப்பின் லொம்பார்தியரை வென்று, 756-இல் தாம் மீட்ட நகரங்களைத் திருத்தந்தைக்கு அளித்தார். அந்நகரங்களின் சாவிகள் புனித இராயப்பரின் கல்லறைமீது வைக்கப்பட்டன. திருத்தந்தை நாடு பிறந்தது அன்றுதான்.

இந்த உரிமைக்கு வலுவூட்ட, பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளையெல்லாம் திருத்தந்தைக்குக் கொடையளித்ததாகக் கூறும் ஒரு பத்திரமும் உலவியது. அது போலியானது என்பதை 1440-இல் லொரென்சோ வல்லா என்னும் அறிஞர் மெய்ப்பித்தார். உண்மைக்கு அஞ்ச வேண்டாத நாம் இதை மறைக்கத் தேவையில்லை.

காலப்போக்கில் நாடு விரிந்தது. பொலோஞ்ஞாவும் பெருஜியாவும் அங்கோனாவும் அதிலடங்கின. 1506-இல் திருத்தந்தை 2-ம் ஜூலியஸ் தாமே படையுடன் சென்று பொலோஞ்ஞாவை மீட்டார். 1598-இல் பெராராவும் 1631-இல் உர்பீனோவும் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டர். குடிமக்கள் 30 இலட்சத்திற்கும் மேல்.

பிரெஞ்சுப் புரட்சி இந்நாட்டை உலுக்கியது. 1798-இல் சிறைபிடிக்கப்பட்ட 6-ம் பத்திநாதர் மறு ஆண்டு பிரான்சில் கைதியாகவே உயிர்நீத்தார். 7-ம் பத்திநாதரை 1809-இல் நெப்போலியனின் படையினர் கடத்திச் சென்றனர். 1815-இல் வியன்னா மாநாட்டில் கர்தினால் கொன்சால்வியின் திறமையால் நாடு மீண்டும் கிடைத்தது. ஆனால் மக்களின் மனம் மாறிவிட்டது. உயர்பதவிகள் குருக்களிடமே இருந்தன. பொதுநிலையினர்க்கு ஆட்சியில் பங்கு குறைவு. உரோமை நகர யூதர்கள் 1555 முதல் தனிச் சேரியில் அடைக்கப்பட்டு வாழ்ந்தனர். 1858-இல் பொலோஞ்ஞாவில், வேலைக்காரப் பெண் ஒருத்தி இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்த ஆறு வயது யூதச் சிறுவன் எட்கார்டோ மோர்த்தாராவைக் காவலர் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சென்றனர். தாய் தந்தையின் கண்ணீர் ஐரோப்பா முழுவதையும் உருக்கியது. அரசின் சட்டம் அசையவில்லை. மேய்ப்பரின் கையில் வாளும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ?

1846-இல் பதவியேற்ற 9-ம் பத்திநாதர் அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு அளித்தார். 1848-இல் அரசியல் சாசனமும் வழங்கினார். ஆயினும் அதே ஆண்டு அவருடைய அமைச்சர் ரோஸி கொலையுண்டார். திருத்தந்தை கயேத்தாவுக்குத் தப்பியோட நேர்ந்தது. பிரெஞ்சுப் படையின் துணையால் 1850-இல் திரும்பினார். இத்தாலிய ஒருமைப்பாட்டு இயக்கமோ ஓங்கி வளர்ந்தது. 1860-க்குள் நாட்டின் பெரும்பகுதி பறிபோயிற்று. உரோமையும் அதன் சுற்றுப்புறமுமே எஞ்சின. 1870-இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டதும் பிரெஞ்சுப் படை வெளியேறியது. செப்டம்பர் 20-இல் இத்தாலியப் பீரங்கிகள் போர்த்தா பியா வாயிலருகே மதிலைத் தகர்த்தன. வீணாக இரத்தம் சிந்த வேண்டாமென எண்ணிய திருத்தந்தை, மதில் பிளந்ததும் சரணடையக் கட்டளையிட்டிருந்தார். நாடு மறைந்தது.

ஓர் அரசனின் குடிமகனாக வாழும் திருத்தந்தை சுதந்திரமாகப் பேச முடியுமா? 9-ம் பத்திநாதரின் இக்கவலை நியாயமானதே. ஆகவே இத்தாலி 1871-இல் அளிக்க முன்வந்த ஆண்டுத் தொகையை அவர் ஏற்கவில்லை. 59 ஆண்டுகள், ஐந்து திருத்தந்தையர், வத்திக்கானுக்குள்ளேயே தங்கிவிட்டனர். 1929 பெப்ருவரி 11-இல் கையெழுத்தான இலாத்தரன் உடன்படிக்கை வழி திறந்தது. 40,000 சதுர கிலோமீட்டருக்கு ஈடாகக் கிடைத்தது வெறும் 44 ஹெக்டேர் நிலம். சுதந்திரத்திற்கு அதுவே போதுமானதாயிற்று.

பின்னாளில் 6-ம் சின்னப்பராகத் திருத்தந்தையான கர்தினால் மோந்தீனி, 1962-இல் உரோமையில் ஆற்றிய உரையில் இவ்விழப்பை இறைவனின் பராமரிப்பாகவே கண்டார். அவரே 1964-இல் பம்பாய்க்கு வந்தார். 1986-இல் 2-ம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தார். படையோடு புறப்பட்ட அரசரைக் கண்டு அன்று ஒரு நகரம் வாயில் திறந்தது. வெறுங்கையோடு வந்த தந்தையரைக் காண இங்கே மக்கள் தாமாகவே திரண்டனர். மந்தையைக் காக்க எழுந்த மதில், ஒரு காலத்தில் மந்தைக்கும் மேய்ப்பருக்கும் இடையே நின்றது. அது வீழ்ந்ததற்காக நாம் இன்று வருந்த வேண்டியதில்லை.