சிறுவரும் கால்நடைப் பிரயாணமும்

கால்நடை என்ற சொல்லைக் கேட்டால் இக்காலச் சிறுவர் மாட்டையே நினைக்கின்றனர். காலால் நடப்பதை நினைப்பதில்லை. குற்றம் அவர்களுடையதன்று. பள்ளிக்குப் பேருந்து, கடைக்கு இருசக்கர வண்டி, கோயிலுக்கு ஆட்டோ என்று பழக்கியவர்கள் நாமே. உலக சுகாதார ஸ்தாபனம் 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிஷமாவது உடல் உழைக்க வேண்டுமென்கிறது. ஆனால் 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 100-க்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என்று 146 தேசங்களின் 2016-ஆம் வருஷக் கணக்கு கூறுகிறது; அது 2019-இல் வெளியாயிற்று. இதைப் படித்துத் திடுக்கிட்ட தந்தையர் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை எழுப்பி, "நட" என்று கட்டளையிடுகின்றனர். பிள்ளை அரை மைல் நடக்கிறது. பிறகு உட்கார்ந்து கொள்கிறது. தந்தை கோபிக்கிறார், தாய் சமாதானம் சொல்கிறார், எல்லோரும் வீடு திரும்புகின்றனர். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்தப் பிள்ளை நடையை ஒரு தண்டனையென்றே தீர்மானித்து விடுகிறது.

பொது வாழ்வில் ஈடுபட்ட நம் அன்பர்கள் இவ்விஷயத்தில் மற்றவரைக் காட்டிலும் அதிகமாகத் தவறுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம். ஊர்வலமும் பாத யாத்திரையும் பழகிய கால்கள் அவர்களுடையவை. ஒன்றை அவர்கள் நினைவிற் கொள்ளட்டும். 1930-இல் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்குச் சென்ற தூரம் 241 மைல். ஆன நாட்கள் 24. கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பத்து மைல்தான். அதையும் காலையிலும் மாலையிலுமாகப் பிரித்தே நடந்தனர். திங்கட்கிழமைகளில் ஓய்வு. அவ்வருஷமே ஏப்ரல் 13-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர் படை சுமார் 150 மைல் தூரத்திலுள்ள வேதாரணியத்தை அம்மாதம் 28-இல் அடைந்தது. அவர்களும் பாடிக்கொண்டே சென்றனர். வழியெங்கும் ஊர்ஜனங்கள் அன்னமிட்டனர். தேசத்திற்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவர்களுக்கே பாட்டும் ஓய்வும் பந்தி போஜனமும் தேவையாயிருந்தன. ஏழு வயதுக் குழந்தைக்கு அவை வேண்டாமா?

குழந்தையை நடக்கச் செய்யும் கலை நம்மிடம் இல்லாததன்று. திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் கிரிவலம் வருவோரைப் பாருங்கள். சுற்று வழி 14 கிலோ மீட்டர். வீட்டில் மாடிப்படி ஏற அழும் பிள்ளைகள் அங்கே பாதி இரவு வரை நடக்கின்றனர். பக்தி ஒரு காரணமாகலாம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அது எவ்வளவு வேலை செய்யும் என்று நாம் நிச்சயமாகச் சொல்ல மாட்டோம். வழியின் அமைப்பே முக்கியக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் வரை எட்டுத் திக்கு லிங்கங்கள் வழிநெடுக நிற்கின்றன. இரண்டு கிலோ மீட்டருக்குள்ளாகவே பெரும்பாலும் ஒரு நிறுத்தம் வந்து விடுகிறது. அங்கே ஒரு விளக்கு, ஒரு மணி, நெற்றியில் திருநீறு. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "அடுத்தது யமலிங்கம்" என்று விடை கிடைக்கிறது. பதினாலு கிலோ மீட்டர் என்பது குழந்தைக்கு அர்த்தமில்லாத எண். அடுத்த விளக்கு என்பது அர்த்தமுள்ள பொருள். இதற்கும் மேலாக, முன்னும் பின்னும் மற்றக் குழந்தைகள் நடக்கின்றனர். தகப்பனார் சொல்லி நடக்காத பிள்ளை, பக்கத்தில் ஒரு தோழன் நடந்தால் அவனை முந்துவதற்காகவே நடக்கும்.

சேதராப்பட்டு வாசிகளுக்கு இதற்காகத் திருவண்ணாமலை வரை செல்ல வேண்டிய அவசியமில்லை. புதுவையிலிருந்து மயிலம் செல்லும் சாலையிலுள்ள இவ்வூரைத் தொழிற்பேட்டை என்றே வெளியூரார் அறிவர். இரும்பும் ரசாயனமும் லாரிகளுமே இங்கு உண்டென்பது அவர்களது எண்ணம். ஆனால் பூமி சாஸ்திரிகளின் நூல்களில் இவ்வூருக்கு வேறொரு கீர்த்தி உண்டு. சேதராப்பட்டு, வழுதாவூர், துத்திப்பட்டு, கரசூர் என்னும் இச்சுற்று வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் பண்டைக் கடற்பிராணிகளின் ஓடுகள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. புதுவைப் பக்கத்தில் கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் திரட்டியவற்றை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846-இல் லண்டனில் வெளியிட்டார். வழுதாவூரின் பெயரால் ஒரு பாறை அடுக்கையே அழைக்கின்றனர். சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் பெரும் பல்லிகள் மாண்டொழிந்த காலத்திற்கு முந்திய பாறையும் பிந்திய பாறையும் அடுத்தடுத்துக் காணப்படும் இடங்கள் உலகில் மிகுதியில்லை. அவற்றுள் இந்நிலமும் ஒன்று.

இதைக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். "நீ நிற்கும் இவ்விடம் ஒரு காலத்தில் கடல்" என்றதும் அதன் கண் தரையை நோக்கிச் செல்லும். கண் சென்ற இடத்திற்குக் கால் தானே செல்லும். நம் வீட்டுப் பூஜையிலுள்ள சாளக்கிராமமும் இவ்வகைச் சுருள் ஓட்டுப் பிராணியின் கல்லுருவமே என்று காட்டினால், வீட்டிற்கும் வழிக்கும் ஒரு முடிச்சு விழுகிறது. மயிலம் சாலையில் மேலும் சென்றால் திருவக்கரை. அங்கே சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி முதலிற் குறித்தவர் ஸொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை அறிஞர்; ஆண்டு 1781 என்பர். தேசிய கல்மரப் பூங்காவாக அவ்விடத்தை இந்தியப் பூமி ஆராய்ச்சி இலாகா காத்து வருகிறது. அங்கிருந்து ஒரு சில்லையும் எடுக்கலாகாது என்பதைப் புறப்படு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். அங்கு சென்ற பின் கையிலிருந்து பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். மரத்தின் ஆண்டு வளையத்தைக் கல்லில் தேடச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்தால், எடுத்துச் செல்ல முடியாததை வரைந்து செல்வர்.

தெற்கே ஊசுட்டேரி. 2008-இல் புதுவை அரசாங்கம் தன் பக்கத்து ஏரியைப் பறவைச் சரணாலயமாக்கிற்று; தமிழ்நாட்டுப் பக்கமும் பின்னர் அவ்வாறே ஆயிற்று. குளிர்காலத்துக் காலையில் நாமக்கோழிகளும் கூழைக்கடாக்களும் நீரில் மிதக்கும். ஒரு தொலைநோக்கியைப் பிள்ளையின் கழுத்தில் தொங்கவிட்டு, "நீதான் இன்று பறவைக் கணக்கர்" என்று உத்தியோகம் கொடுத்து விடுங்கள். உத்தியோகம் கொடுக்கப்பட்டவன் ராஜினாமாச் செய்வது அபூர்வம் என்பதை அரசியல் தெரிந்த நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லையையும் மறந்துவிடலாகாது. புதுவை நிலம் ஒரே துண்டாக இல்லை. சிதறிய துண்டுகளாகத் தமிழ்நாட்டினூடே கிடக்கிறது. சேதராப்பட்டைச் சுற்றி ஒரு காலை நடந்தால் பலமுறை எல்லை கடக்கலாம். பெயர்ப்பலகையைப் பார்த்து எத்தனை முறை கடந்தோம் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அப்போது, பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் இந்த வரப்பு இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே நின்றது என்றும், 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதென்றும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல்தான் நிறைவேறியதென்றும் சொல்லலாம். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடப்பது காலடியில் வரப்பாகத் தெரியும்.

இனி மிட்டாய் விஷயம். "மலையுச்சிக்கு வந்தால் ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசும் பெற்றோர் பலர். இதை நாம் ஆதரிப்பதற்கில்லை. 1973-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கவனிக்கத் தக்கது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், படம் வரைவதில் விருப்பமுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகள் சிலருக்கு, "வரைந்தால் நற்சான்றுப் பத்திரம் தருவோம்" என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தனர். சில நாட்களுக்குப் பின் கவனித்தபோது அக்குழந்தைகளே வரைவதில் மற்றவரைவிடக் குறைந்த நாட்டங் காட்டினர். எதிர்பாராமல் அதே பத்திரத்தைப் பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு நேரவில்லை. எனவே பையில் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் தாராளமாக இருக்கட்டும்; ஆனால் அவை கூலியாக வேண்டாம். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில், கேளாமலே எடுத்துக் கொடுப்பது வேறு. காட்டி இழுப்பது வேறு.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்கு வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதனுடன் 2,000 அடி ஏற்றத்திற்கு இன்னொரு மணி. செஞ்சியின் ராஜகிரி சுமார் 800 அடி. இக்கணக்கின்படி ஏற்றத்திற்கென்று 24 நிமிஷமே கூடும். இது திடகாத்திரமான ஆடவருக்கு வகுத்த கணக்கு. பிள்ளைகளுடன் போவோர் இதை இரட்டித்துக் கொள்வதே நலம். தந்தை ஓரடி வைக்குமிடத்தில் பிள்ளை ஒன்றரை அடி வைக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. மேலும் குழந்தை ஒரே சீராக நடக்கும் பிராணியன்று. ஓடும், நிற்கும், குனியும், பின்னே போகும், மறுபடி ஓடும். அதைத் தடுத்து வரிசையில் நடத்துவதுதான் அதனைக் களைக்கச் செய்வது. பனையோலைக் காற்றாடி ஒன்று செய்து கொடுத்தால், அது சுழலும் பொருட்டே எதிர்காற்றில் ஒரு பர்லாங் ஓடும். கூட்டத்தில் மிகச் சிறியவரை முன்னே விட்டு, பெரியவர் பின்னே செல்வதும் நல்ல வழக்கம். முன்னே செல்பவனுக்குத் தலைமை, பின்னே இழுபடுபவனுக்கு அவமானம். மிகவும் களைத்துவிட்டால் உப்பு மூட்டை தூக்கத் தயங்க வேண்டாம். அதனால் பிள்ளை கெட்டுப் போகாது.

செஞ்சியைச் சொன்னோம். புதுவையாருக்கு அது அயலூரன்று. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அக்கோட்டையைப் பிடித்தான். 1761 வரை அவர்களிடமே இருந்தது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பகுதிகள் என்னும் தொகுதியில் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டிலுள்ளது இஃதொன்றே. அதன் படிகளைப் பார்த்து மலைக்காத பிள்ளையில்லை. அங்கே கதையே கைகொடுக்க வேண்டும். 1714-இல் சிறு படையுடன் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை அடிவாரத்தில் தொடங்குங்கள். குதிரை புறப்படும் இடத்தில் நிறுத்துங்கள். "மீதி அடுத்த மண்டபத்தில்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறுங்கள். கதை கேட்கப் பிள்ளை பின்னாலேயே வரும். சில சமயம் முன்னால் ஓடி மண்டபத்தில் காத்திருக்கும்.

அபாயங்களைச் சுருக்கமாகச் சொல்வோம். குழந்தையின் உடல் எடைக்கு அதன் மேற்பரப்பு அதிகமாகையால் உஷ்ணமான காற்றில் விரைவாகச் சூடேறும்; விளையாட்டில் தாகத்தையும் மறக்கும். கேட்கும் வரை காத்திராமல் அரை மணிக்கொரு தரம் தண்ணீரோ மோரோ கொடுக்க வேண்டும். காலணி புதிதாயிருக்கலாகாது. வேலிகளில் சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் குன்றிமணியைப் பிள்ளைகள் பொறுக்குவர். அது மென்று விழுங்கினால் கொல்லும் விஷம் என்பதை அறிவித்து, கடைக்குட்டியின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இவ்வளவும் நடப்பதற்கு இடம் இருக்கும் மட்டுமே. கரசூர் - சேதராப்பட்டுப் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கென்று விளைநிலங்கள் பெருமளவில் கையகப்படுத்தப்பட்டதும், அத்திட்டம் நிறைவேறாமல் நிலம் பல வருஷம் சும்மா கிடந்ததும் இப்பகுதியினர் அறிந்ததே. தொழில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நம் வாசகரில் பலருக்கு அத்தொழிற்பேட்டையே சோறு போடுகிறது. ஆனால் வரைபடம் போடுகிறவர்கள் சாலைக்கும் ஆலைக்கும் அளவு குறிக்கும்போது, ஏரிக்கரைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைக்கும் கடலோடுகள் தெரியும் பாறைக்கும் கோடு போடுவதில்லை. அவற்றை இழந்ததாகப் புகார் செய்யக்கூட, அங்கே ஒரு முறையாவது நடந்திருக்க வேண்டும். கமிட்டிக்கு மனுக் கொடுக்கும் நம் தோழர்கள் அடுத்த முறை அவ்விடங்களைப் பார்வையிடப் போகையில் தம் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாமே!

மார்கழி, தை, மாசி மாதங்களே இப்பக்கத்தில் நடைக்கு உகந்தவை. ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் நிழலை அடைந்துவிட வேண்டும். முதல் நாள் திருவக்கரை வேண்டாம், செஞ்சியும் வேண்டாம். ஏரிக்கரையில் ஒரு மைல் போதும். பிள்ளை இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கேட்கும்போதே திரும்பி விடுங்கள்.