புகைபோக்கியை அணைத்த தாய்மார்கள்!

குழந்தைக்கு மூச்சுத் திணறியது.

பிறந்து சில மாதமே ஆன கைக்குழந்தை. தாய் பதறிப் போனார். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டர்கள் பார்த்தார்கள். ஆஸ்துமா என்றார்கள். அதாவது, இளைப்பு நோய். காற்றில் கலந்திருக்கும் அசுத்தமே அதைக் கிளப்பிவிட்டது என்றும் சொன்னார்கள்.

காற்றில் அசுத்தம் எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார் அந்தத் தாய். அவரோடு ஒரு பேட்டையே திரண்டது. பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. கடைசியில், இரண்டு பெரிய மின்சார நிலையங்கள் மூடப்பட்டன!

இது கற்பனைக் கதை அல்ல. அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில் நடந்த உண்மை. 1893-ம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவு ஆற்றினாரே, அதே சிகாகோதான்!

அந்தத் தாயின் பெயர், கிம்பர்லி வாஸர்மன்.

இரண்டு நிலையங்கள்

சிகாகோவின் தென்மேற்கில் இரண்டு பேட்டைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றின் பெயர் பில்சன். மற்றதன் பெயர் லிட்டில் வில்லேஜ். "சின்னக் கிராமம்" என்று பொருள். பெயர்தான் சின்னது. இரண்டிலும் சேர்ந்து 1 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோவில் இருந்து பிழைக்க வந்தவர்கள்; அவர்களுடைய பிள்ளைகள். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள்.

பில்சனில் பிஸ்க் மின்சார நிலையம் இருந்தது. 1903-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதைக் கட்டியவர் சாமுவேல் இன்சல். மின்சார விளக்கால் பேர் பெற்ற எடிசனிடம் காரியதரிசியாக இருந்தவர் இவர். அந்தக் காலத்தில் பிஸ்க் நிலையம் ஓர் அதிசயம்!

லிட்டில் வில்லேஜில் கிராபோர்டு மின்சார நிலையம் இருந்தது. இது 1924-ம் ஆண்டில் வந்தது.

இரண்டும் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்தன. கரி எரியும்போது புகை மட்டுமா வருகிறது? கந்தகப் புகை வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசியும் வருகிறது. இந்தத் தூசி தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கில் தங்காது. தொண்டையில் தங்காது. நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும். இளைப்பு உள்ள குழந்தைக்கு அது எமன்!

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த நிலையங்களின் மின்சாரம் சந்தைச் சரக்காக விற்கப்பட்டது. யார் விலை கொடுத்தார்களோ அவர்களுக்குப் போயிற்று. லாபம் கம்பெனிக்கு. வெளிச்சம் எங்கெங்கோ. புகை மட்டும் இந்த ஏழை வீடுகளுக்கு!

பள்ளிக்கூடத்தில் பிறந்த சங்கம்

1994-ம் ஆண்டில் லிட்டில் வில்லேஜில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பழுது பார்த்தார்கள். வகுப்பு நடக்கும்போதே வேலையும் நடந்தது. கெடுதலான ரசாயனங்கள் பிள்ளைகள் மேல் படுமே என்று பெற்றோர்கள் பயந்தார்கள். பள்ளி நேரத்தில் வேலை செய்யக்கூடாது என்று ஒன்றுகூடிக் கேட்டார்கள். கேட்டதைப் பெற்றார்கள்.

ஒன்றுகூடினால் நடக்கும் என்ற தைரியம் வந்தது. கலைந்து போகவில்லை. சங்கம் வைத்தார்கள். அதுவே, லிட்டில் வில்லேஜ் சுற்றுச்சூழல் நீதிச் சங்கம்.

சுற்றுச்சூழல் நீதி என்றால் என்ன? பெரிய வார்த்தையாகத் தோன்றும். பொருள் எளிது. நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் பணக்காரர் தெருவுக்கு மட்டும் சொந்தம் அல்ல. ஊரின் குப்பையும் புகையும் ஏழைகள் தலையில் மட்டும் விழக்கூடாது. அவ்வளவுதான்!

இந்தச் சங்கத்தில் 1998-ம் ஆண்டில் சேர்ந்தார், கிம்பர்லி வாஸர்மன். அதே பேட்டையில் வளர்ந்தவர். குழந்தையின் மூச்சுத் திணறலைக் கண்ணால் கண்டவர். அவருக்கு வேறு பாடம் வேண்டுமா?

வாசல்தோறும்

அவர் முதலில் செய்த வேலை என்ன? மேடை போடவில்லை. வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டினார். வீட்டில் என்ன தொல்லை என்று கேட்டார்.

ஒரு வீட்டில் குழந்தைக்கு இளைப்பு. அடுத்த வீட்டில் பெரியவருக்கு ஓயாத இருமல். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொரு தாயும் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை, தெருவே இப்படி என்பது அப்போதுதான் தெரிந்தது!

படித்தவர்களும் பிறகு கணக்குப் போட்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி ஆராய்ச்சி செய்தது. முடிவு, 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிவந்தது.

இரண்டு நிலையங்களின் புகையால் ஆண்டுதோறும்–

41 பேருக்கு அகால மரணம்.

550 பேர் அவசர சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை.

2,800 தடவை இளைப்பு.

ஒன்பது நாளைக்கு ஓர் உயிர் என்று ஆகிறது! புகைக்கு எல்லை இல்லை. ஆகவே இது சுற்று வட்டாரம் முழுவதற்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஆனால், புகைபோக்கியின் காலடியில் குடியிருந்தவர்கள் யார்? பில்சன் மக்களும் லிட்டில் வில்லேஜ் மக்களும்தானே!

கிழட்டு நிலையம், ஓட்டைச் சட்டம்

அமெரிக்காவில் சட்டமே இல்லையா? இருந்தது. 1970-ம் ஆண்டிலேயே காற்றுச் சுத்தச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், அதில் ஓர் ஓட்டை. புதிதாகக் கட்டும் நிலையங்களுக்குத்தான் கடுமையான விதிகள். பழைய நிலையங்களுக்குச் சலுகை. பழையவைதானே, சீக்கிரம் தாமாகவே மூடிவிடும் என்று நினைத்தார்கள்.

மூடவில்லை. சலுகை இருக்கும்வரை பழைய அடுப்புதான் லாபம்! கிழட்டு நிலையங்கள் புகையைக் கக்கிக்கொண்டே இருந்தன.

வாஷிங்டன் கைவிட்டது. இனி நகரசபைதான் கதி என்று மக்கள் முடிவு செய்தார்கள். பில்சன் மக்களும் லிட்டில் வில்லேஜ் மக்களும் கை கோத்தார்கள். டாக்டர்களும் வந்து சேர்ந்தார்கள். தேசிய அளவில் பெரிய இயக்கங்களும் சேர்ந்தன.

ஊர்வலம் போனார்கள். வெளியூர்க்காரர்களை அழைத்து வந்து, நஞ்சு கக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினார்கள். அப்போது சிகாகோ நகரம், 2016-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தைத் தனக்குத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "கரி ஒலிம்பிக்" என்று கேலிப் பந்தயமே நடத்திவிட்டார்கள்!

நகரசபையில் மோதல்

2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சுத்தமான மின்சாரம் பற்றிய சட்ட மசோதா சிகாகோ நகரசபைக்கு வந்தது. இரண்டு நிலையங்களும் தூசியைக் குறைக்க வேண்டும். பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவையும் குறைக்க வேண்டும் என்பது மசோதா.

சபையில் 50 உறுப்பினர்கள். முதலில் ஆதரித்தவர்கள் சிலரே. பில்சனின் உறுப்பினரே மசோதாவுக்கு ஆதரவு தரவில்லை! மறு ஆண்டு தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். புகை பக்கமா, பிள்ளைகள் பக்கமா? பில்சன் உறுப்பினர் மனம் மாறினார். சபையில் ஆதரவு பெருகியது.

2011-ம் ஆண்டு மே மாதம் ராம் இமானுவேல் மேயர் ஆனார். சுத்தம் செய்யுங்கள், இல்லையேல் மூடுங்கள் என்று கம்பெனியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

2012-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி கம்பெனி பணிந்தது. இரண்டு நிலையங்களையும் மூடுவதாக அறிவித்தது. மின்சார விலை இறங்கிவிட்டது, சுத்திகரிக்கும் கருவிகளுக்குச் செலவு அதிகம் என்பவை கம்பெனி சொன்ன காரணங்கள். அவையும் உண்மைதான். ஆனால், மக்கள் விடாமல் கேட்காதிருந்தால் அந்தச் செலவு பற்றிப் பேச்சே எழுந்திருக்குமா?

சொன்ன தேதிக்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டு மாத முடிவில், இரண்டு நிலையங்களிலும் நெருப்பு அணைந்தது. பிஸ்க் நிலையத்துக்கு அப்போது வயது 109!

மறு ஆண்டு, 2013-ல், கிம்பர்லி வாஸர்மனுக்கு கோல்டுமேன் பரிசு கிடைத்தது. சுற்றுச்சூழலுக்காகப் பாடுபடும் சாதாரண மக்களுக்கு உலக அளவில் கொடுக்கப்படும் பெரிய பரிசு இது.

வேலை போனவர்கள்

ஒன்றை மறக்கக்கூடாது. நிலையம் மூடியதால் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று. அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தானே! ஒரு பக்கம் குழந்தையின் மூச்சு. மறுபக்கம் தொழிலாளியின் சோறு. இரண்டும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழி என்ன? இந்தக் கேள்வி, பிற்பாடு சட்டசபை வரை போயிற்று.

மறுபடியும் தூசி!

நிலையம் மூடியதோடு தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை.

கிராபோர்டு நிலையம் இருந்த இடத்தை வேறொரு கம்பெனி வாங்கியது. பெரிய கிடங்கு கட்டத் திட்டம் போட்டது. கிடங்கு வந்தால் லாரிகள் வரும். டீசல் புகை வரும் என்று மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. ஈஸ்டருக்கு முந்திய நாள். கொரோனா நோய் ஊரை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். மூச்சைப் பிடிக்கும் நோய் அது. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று சர்க்கார் சொல்லியிருந்தது.

அன்று காலை, பழைய புகைபோக்கியை வெடி வைத்துத் தகர்த்தார்கள்!

தூசி மலைபோல் எழுந்தது. தெருத் தெருவாகப் பரவியது. வீடுகள், மரங்கள், மோட்டார் வண்டிகள் எல்லாவற்றின் மீதும் படிந்தது. எரிந்தபோது கக்கிய புகைபோக்கி, விழுந்தபோதும் கக்கியது!

மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மாகாண சர்க்காரும் வழக்குப் போட்டது. மக்கள் போட்ட வழக்கில், 1 கோடியே 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர கம்பெனித் தரப்பு ஒப்புக்கொண்டது. கிடங்கு மட்டும் கட்டி முடிக்கப்பட்டது. லாரிகள் ஓடத் தொடங்கின.

இதில் இருந்து மக்கள் ஒரு பாடம் கற்றார்கள். கெட்டதை மூடினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் அடுத்து என்ன வரவேண்டும் என்று முடிவு செய்யும்போதும் மக்களுக்கு நாற்காலி வேண்டும்!

சூரியன் தரும் மின்சாரம்

இல்லினாய் மாகாணத்தில் அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கினார்கள். சிகாகோ நகரம் இருக்கும் மாகாணம் இதுதான்.

2016-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சூரிய மின்சாரம் கிடைக்க ஒரு திட்டம் பிறந்தது. முன்பணம் கட்ட வேண்டியதில்லை. மின்சாரச் செலவில் மிச்சமாகும் தொகையில் பாதிக்கு மேல் கட்டணமாகக் கேட்கக்கூடாது. கூரையில் விழும் வெயில் எல்லோருக்கும் பொது அல்லவா!

அடுத்த சட்டத்துக்கு முன்பு, மாகாணம் முழுவதும் கூட்டங்கள் நடந்தன. என்ன வேண்டும் என்று மக்களிடமே கேட்டார்கள். லிட்டில் வில்லேஜ் சங்கமும் இந்த முயற்சியில் பங்கு கொண்டது.

2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தச் சட்டத்தில் கவர்னர் கையெழுத்துப் போட்டார். தனியார் நிலக்கரி மின்சார நிலையங்கள் 2030-ம் ஆண்டுக்குள் மூடவேண்டும். 2050-ம் ஆண்டுக்குள் மாகாணத்தின் மின்சாரம் முழுவதும் சுத்தமானதாக வேண்டும். நிலையம் மூடி வேலை இழக்கும் தொழிலாளிக்கு வேறு தொழில் கற்றுக் கொடுக்கவும், வருமானம் இழக்கும் ஊருக்குக் கைகொடுக்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. மூச்சும் வேண்டும், சோறும் வேண்டும் என்ற கேள்விக்கு அது ஒரு பதில்!

விளையாடும் பிள்ளைகள்

லிட்டில் வில்லேஜில் முன்பு ஒரு தார்த் தொழிற்சாலை இருந்தது. கூரைக்குப் போடும் தார்ப் பொருள்கள் செய்த இடம். அது போனபிறகும் அதன் நஞ்சு மண்ணில் கிடந்தது. அந்த மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும்; பூங்கா வேண்டும் என்று சங்கம் ஆண்டுக்கணக்கில் கேட்டது.

2014-ம் ஆண்டு டிசம்பரில், அந்த இடத்தில் 22 ஏக்கரில் பூங்கா திறக்கப்பட்டது. நஞ்சு கிடந்த மண்ணில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

ஓடி ஆடும் பிள்ளைக்கு மூச்சு வாங்குவது இயற்கை. ஓடாத பிள்ளைக்கும் மூச்சு வாங்கினால், அது ஊரின் குற்றம்! கதவைத் தட்டி அதைக் கண்டுபிடித்தவர்கள் தாய்மார்கள்.