உங்களுக்குத் தெரியுமா? ‘ரெடி’ ஏறியது குதிரை, ‘தயார்’ பறந்தது வானில்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு (சேலையின் நீள இழைகள்) விரித்துக் கட்டியிருப்பார்கள். அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டு முடித்ததும் குரல் வரும்: “பாவு ரெடி!”

● ஆங்கிலத்தில் ‘ரெடி’ ஓர் உரிச்சொல். சவாரியைக் குறிக்கும் ‘ரைட்’ என்ற வினைச்சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. அதாவது, குதிரையோடு புறப்பட்டு நிற்பவன்தான் ‘ரெடி’. இதே பொருள் தரும் ஜெர்மன் சொல்லான ‘பெரைட்’ இதற்குப் பங்காளி.

● ‘தயார்’ மட்டும் நம்மூர்ச் சரக்கா? இல்லை. அரபியில் ‘தய்யார்’ என்றால் பறப்பது. வேட்டைக்குப் பறக்கவிடும் பக்குவத்துக்கு வந்த வல்லூறைக் குறித்த சொல்லே பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது என்பார்கள். அரபு நாடுகளில் இன்றும் விமானிக்கு ‘தய்யார்’ என்றே பெயர்.

● இதே பொருளில் இலங்கைத் தமிழர் வாயில் அதிகம் புழங்கும் ‘ஆயத்தம்’ வடமொழி வழி வந்தது. தனித்தமிழ் விரும்பிகள் எழுதுவது ‘அணியம்’.

● வந்த இடத்தில் ‘ரெடி’ புது வேலையும் கற்றுக்கொண்டது. தறி பழுதானால் “ரெடி பண்ணணும்”. பாவு, ஊடை (குறுக்கு இழை) வாங்கக் காசு புரட்டினாலும் “பணம் ரெடி பண்ணணும்”. பழுது பார்ப்பது என்ற பொருள் ஆங்கில ‘ரெடி’க்குக் கிடையாது, அது நாம் நெய்து கொடுத்த கரை!