எதிராளி எல்லாவற்றையும் பணயம் வைக்கும்போது

போக்கர் திறமையின் ஆட்டமா, வாய்ப்பின் ஆட்டமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் சட்டமன்றத்தையும் நீதிமன்றத்தையும் பல ஆண்டுகள் எதிரெதிரே நிறுத்தியது. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடை செய்த 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் வந்த புதிய சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பின் ஆட்டங்கள் என்று அட்டவணைப்படுத்த, 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த அட்டவணையை மட்டும் செல்லாதது என்று அறிவித்தது. திறமையும் வாய்ப்பும் இந்த ஆட்டத்தில் எங்கே பிரிகின்றன என்பதை அறிய விரும்புவோர், போட்டியில் எதிராளி தன்னிடமுள்ள பந்தய வில்லைகளான சிப்ஸ் அனைத்தையும் ஒரே முறையில் முன்தள்ளும் 'ஆல்-இன்' என்னும் கட்டத்தை ஆராய்ந்தால் போதும்.

பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டம் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படுகின்றன. நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்பட, இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவரே வெல்கிறார். சீட்டு கொடுக்கப்படுமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை 'பிளைண்ட்' எனப்படும்; ஒருவருடையது சிறியது, மற்றவருடையது பெரியது. எதிராளியின் பந்தயத்துக்கு ஈடுகட்டுவது 'கால்'. ரம்மி ஆடுவோர் 'ஸ்கூட்' விடுவதைப் போல, மேலும் இழக்காமல் சீட்டைக் கவிழ்த்து விலகுவது 'ஃபோல்ட்'.

ஈடுகட்டலாமா என்ற முடிவின் முதல் படி எளிய விகிதக் கணக்காகும். பெரிய பிளைண்டாக 1,000 சிப்ஸ் வைத்திருப்பவரை நோக்கி, மற்றவர்கள் விலகிய பின் சிறிய பிளைண்டில் இருப்பவர் மொத்தம் 10,000 சிப்ஸை முன்தள்ளுகிறார் என்று கொள்வோம். நடுவில் 11,000 இருக்கிறது. ஈடுகட்ட இன்னும் 9,000 தேவை. ஈடுகட்டினால் மொத்தம் 20,000 ஆகும். 20,000-ஐப் பெற 9,000-ஐச் செலவிடுபவருக்கு, நூற்றில் 45 முறை வென்றாலே கைமுதல் தேறிவிடுகிறது. முன்பே வைத்துவிட்ட 1,000 இனி அவருடையதன்று என்பதால், அது இழப்பில் சேராமல் நடுவிலுள்ள தொகையில் சேர்கிறது.

இரண்டாம் படி, எதிராளியிடம் எந்தெந்தச் சீட்டுகள் இருக்கக்கூடும் என்று மதிப்பிடுவதாகும். இந்தத் தொகுதியை ஆட்டக்காரர்கள் 'ரேஞ்ச்' என்பர். 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள் உள்ளன. ஏஸ் ஜோடி 6 வழிகளிலும், ஏஸும் ராஜாவும் சேர்வது 16 வழிகளிலும் அமைகின்றன. ஆயினும் ஈடுகட்டுபவர் கையிலேயே ஓர் ஏஸ் இருந்தால், எதிராளியிடம் ஏஸ் ஜோடி அமையும் வழிகள் மூன்றாகக் குறைந்துவிடுகின்றன. ராஜாவும் வேறு சின்னத்தில் ஏழும் வைத்திருப்பவர், எந்தச் சீட்டு வந்தாலும் முன்தள்ளும் எதிராளியிடம் ஏறத்தாழ நூற்றில் 55 முறை வெல்வார்; ஏஸோ ஜோடியோ வந்தால் மட்டுமே முன்தள்ளும் நிதானக்காரரிடம் தேவையான 45-ஐ எட்டமாட்டார். சீட்டு மாறாமலே முடிவு மாறுவதால், எதிராளியின் போக்கை இதுவரை கவனித்து வந்த கண்ணுக்கே இங்கு மதிப்பு அதிகம்.

முன்தள்ளுபவருக்கு இயல்பிலேயே ஓர் அனுகூலமும் உண்டு. எதிராளி விலகினாலும் அவர் வெல்கிறார். விலகாவிட்டால் சீட்டால் வெல்லலாம். ஈடுகட்டுபவருக்கோ சீட்டு ஒன்றே வழி. ஆகவே தாமே முன்தள்ளப் போதுமான சீட்டு, பிறர் முன்தள்ளியதை ஈடுகட்டப் போதாது என்பதை டேவிட் ஸ்க்ளான்ஸ்கி என்ற போக்கர் நூலாசிரியர் 'இடைவெளிக் கோட்பாடு' என்று வகுத்தார்.

போட்டிகளில் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. ஏனெனில் சிப்ஸ் இரட்டிப்பானால் அதன் பண மதிப்பு இரட்டிப்பாவதில்லை. நால்வர் எஞ்சியிருக்க, மூவருக்கு மட்டும் 50,000, 30,000, 20,000 ரூபாய் எனப் பரிசு உள்ள போட்டியில், நால்வரிடமும் சமமான சிப்ஸ் இருந்தால் ஒவ்வொருவர் நிலையின் மதிப்பும் 25,000 ரூபாய். ஒருவர் மற்றொருவரை வீழ்த்தித் தம் சிப்ஸை இரட்டிப்பாக்கினால், அவர் முதலிடம் பெறும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, இரண்டாமிடம் மூன்றில் ஒன்று, மூன்றாமிடம் ஆறில் ஒன்று. அவற்றின்படி அவர் நிலையின் மதிப்பு 38,333 ரூபாய்தான். தோற்றால் கையில் எதுவுமில்லை. 38,333-ஐ நாடி 25,000-ஐப் பணயம் வைப்பவர், பிளைண்டைக் கணக்கில் கொள்ளாவிட்டால், நூற்றில் 65 முறையேனும் வெல்ல வேண்டும். ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவரை எட்டுகளின் ஜோடி நூற்றில் சுமார் 55 முறை வெல்லும். சிப்ஸ் கணக்கில் இலாபமான அந்த ஈடு, பரிசுக் கணக்கில் நட்டமாகிறது. இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையான சூத்திரம், பல குதிரைகள் ஓடும் பந்தயத்தின் முடிவுகளுக்கு வாய்ப்பளவு கணிக்க டேவிட் ஹார்வில் 1973-இல் வெளியிட்டதாகும்.

நிறையச் சிப்ஸ் குவித்தவர் பரிசுக்கு முந்தைய இந்தக் கட்டத்தில் மீண்டும் மீண்டும் முன்தள்ளுவதன் காரணமும் இதுவே: தோற்றாலும் அவர் வெளியேறப் போவதில்லை, எதிரே இருப்பவரோ வெளியேறுவார். அந்த அழுத்தத்தில் கோபம் கொண்டு, "எத்தனை முறைதான் மிரட்டுவான்" என்று ஈடுகட்டுவது பிழை. மிரட்டலை உணர்ந்தும் கணக்கு இடம் தராதபோது விலகுவதே திறமை.

ஆயினும் நூற்றில் 65 முறை வெல்லும் சரியான முடிவும் 35 முறை தோல்வியைத் தன்னுள் கொண்டது. தனி முடிவில் வாய்ப்பும், ஆயிரக்கணக்கான முடிவுகளின் கூட்டுத்தொகையில் திறமையும் ஆள்கின்றன. அந்த ஆயிரம் முடிவுகளைக் காணும்வரை பெரும்பாலான குடும்பங்களின் சேமிப்பு தாங்காது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. ஆயினும் ஈடுகட்டலின் கணக்கைப் பணமின்றியும் கற்கலாம். சான்று குறைந்த நிலையிலும் தெளிவாக முடிவெடுக்க அது பழக்கும். வீட்டுப் பணத்தை அதில் இறக்காதிருப்பதே அக்கணக்கு சொல்லும் முதல் பாடம்.